கூலிப் பேனாவும் சொந்த நாட்டமும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியினின்றும் தேர்ச்சி பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் நம்மைக் காண வந்தார். தமிழில் ஆர்வம் மிக்கவர். நம் கல்லூரி மலரில் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்து மகிழ்ந்தோர் பலர். சிறிது நேரம் பொதுவாகப் பேசியிருந்தபின், "ஐயா, எனக்கு ஒரு தொழில் வாய்க்கும் போல் தோன்றுகிறது. மாதச் சம்பளத்து வேலை அன்று. வியாபாரிகள் கேட்குந்தோறும் விளம்பரம் எழுதித் தந்து கூலி பெறுவது. சொல்லை விற்றுப் பிழைப்பது இழிவு என்று வீட்டிலுள்ளோர் கூறுகின்றனர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவினார். தக்க விடை அப்பொழுது நமக்குத் தோன்றவில்லை. "ஆராய்ந்து சொல்வோம்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவருக்கு நாம் கடன்பட்ட விடையே இக்கட்டுரை. அவரையொத்த ஐயமுடையோர் இம்மலரைப் படிப்போருள் இன்னும் சிலர் இருத்தல் கூடுமாதலின், இதனை வெளிப்படையாகவே எழுதலானோம்.

தொழிலின் பெயரும் இயல்பும்

எந்த நிறுவனத்திலும் நிலையாக அமராது, வேண்டுவோர்க்கு வேண்டும்போது தொழில் செய்து ஊதியம் பெறுவோரை 'பிரீலான்ஸ்' என்று வழங்குவர். இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. ஸ்காத்லாந்து நாட்டு நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' என்னும் நூலில், எவ்வரசர்க்கும் அடிமைப்படாது கூலிக்குப் போர்புரியும் வேல்வீரர் கூட்டமொன்று வருகின்றது. அவ்வீரர்க்கு இட்ட பெயரே நாளடைவில் பேனா பிடிப்போர்க்கும் படம் வரைவோர்க்கும் உரியதாயிற்று. வேல் விடுதலையுடையது; வீரனோ கூலிக்காரன். இவ்விரு பொருளும் இன்றும் இச்சொல்லினுள் அடங்கியே கிடக்கின்றன.

விளம்பர எழுத்தாளர் செய்வது யாது? வியாபாரி ஒருவர், தாம் விற்கும் பொருள் இன்னது, வாங்குவோர் இன்னார், செலவிடக்கூடிய தொகை இவ்வளவு என்று கூறுவார். எழுத்தாளர் அவரைப் பல கேள்விகள் கேட்பார்; பொருளை வாங்கிப் பார்ப்பார்; அதனைப் பயன்படுத்துவோரைக் கண்டு பேசுவார். பின்னரே தலைப்பு, விளக்கம், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றை எழுதத் தொடங்குவார். வியாபாரி திருத்துவார், எழுத்தாளர் மீண்டும் எழுதுவார். கூலியை உருப்படிக்கு இவ்வளவு என்றோ, நாளைக்கு இவ்வளவு என்றோ முன்னரே பேசிக்கொள்வர். வேலை குவியும் மாதமும் உண்டு. ஒரு கடிதமும் வாராத மாதமும் உண்டு. எழுதிக் கொடுத்தது ஒரு திங்களாயின், பணம் வருவது மற்றொரு திங்களாதலும் உண்டு. விளம்பரத்தின் அடியில் எழுதியவர் பெயர் பெரும்பாலும் இராது. ஆதலின் புகழை விரும்புவோர்க்கு இஃது ஏற்ற தொழிலன்று.

இத்தொழிலின் அருமையை நாமே ஒருமுறை உணர்ந்ததுண்டு. நாம் மாணவராயிருந்த காலத்தில், குடை வியாபாரி ஒருவர் மழைக்காலத்திற்கு முன் துண்டுப் பிரசுரம் ஒன்று எழுதித் தருமாறு நம்மைக் கேட்டார். நாம் ஓரிரவு முழுதும் கண்விழித்து, கார்முகிலையும் மயிலையும் வருணித்து, அடைமொழிகளை அடுக்கி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பொறுமையாகப் படித்து முடித்து, "தம்பி, எல்லாம் நன்றாயிருக்கிறது. கம்பி துருப்பிடிக்காது என்பதை எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றார். நாம் விடை கூறாது நின்றோம். என்னை? அவர் கடையிலிருந்த குடை ஒன்றையேனும் நாம் விரித்துப் பார்த்ததில்லை!

உண்மையை விற்ற பவர்ஸ்

விளம்பரம் எழுதுவதனையே முழுநேரத் தொழிலாகக் கொண்டோருள் முதல்வர் என்று கருதப்படுபவர் அமெரிக்கராகிய ஜான் பவர்ஸ் என்பவர். இவர் பிறந்தது 1837, மறைந்தது 1919. இளமையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாயிருந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று வில்காக்ஸ்-கிப்ஸ் தையற்பொறியை விற்றார். அக்காலத்துத் தையற்பொறி, எளிய குடும்பத்தார் உடனே வாங்கக்கூடிய பொருளன்று. பவர்ஸ் அதனைக் கதை போலவும் நாடகம் போலவும் அமைந்த விளம்பரங்களால் எடுத்துரைத்தார். வாங்குமுன் வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்கவும், விலையைத் தவணை தவணையாகச் செலுத்தவும் வழிசெய்தார். பிறகு தாயகம் மீண்டு, 'நேஷன்' என்னும் வாரப் பத்திரிகையின் அலுவலிலும் ஈடுபட்டார். செய்தி எழுதுவோர் கையாளும் தெளிந்த நடையில் அவருக்கு உண்டான பற்றே, பின்னாளில் அவர் விளம்பரத்திற்கு உருவளித்தது எனலாம்.

1880ஆம் ஆண்டில், பிலடெல்பியா நகரத்துப் பெருங்கடைக்காரராகிய ஜான் வானமேக்கர் அவரைத் தம்மிடம் அமர்த்திக்கொண்டார். அந்நாளில் விளம்பரமென்றால் பருத்த எழுத்தும், படங்களும், வானளாவிய புகழ்ச்சியுமேயாகும். பவர்ஸ் இவற்றையெல்லாம் நீக்கினார். செய்தித்தாளின் பிற பகுதிகளைப் போலவே எளிய எழுத்தில், குறுகிய வாக்கியங்களில், பொருளின் நிறையோடு குறையையும் எழுதினார். ஒருமுறை கழுத்துப் பட்டைகளைப் பற்றி எழுதுங்கால், இவை பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு உயர்ந்தவை அல்ல, எனினும் 25 சென்ட் விலைக்குப் போதியவையே என்று எழுதினார் என்பர். மற்றொருமுறை, ரப்பர் பூசிய மழையங்கிகள் இற்றுப்போய் விலையாகாமற் கிடந்தன. பவர்ஸ் அவற்றை இற்றுப்போனவை என்றே அச்சிட்டுவிட்டார். அப்பகுதியின் தலைவர் சினந்து வந்தார். ஆனால் அங்கிகள் அனைத்தும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. இற்றுப்போனதை இற்றுப்போனதென்று சொல்லும் கடைக்காரன், நல்லதை நல்லதென்று சொல்லும்போதும் நம்பத்தக்கவனே என்று மக்கள் கருதினர் போலும். அவர் எழுதிய ஆண்டுகளில் அக்கடையின் வியாபாரம் ஏறத்தாழ நாற்பது லட்சம் டாலரிலிருந்து எண்பது லட்சம் டாலராக உயர்ந்ததாகக் கூறுவர்.

இத்தகைய மனிதர் ஒருவர்க்குக் கீழ் அடங்கியிருத்தல் அரிது. 1883இல் வானமேக்கர் அவரை நீக்கினார். மறு ஆண்டு மீண்டும் அழைத்துக்கொண்டார். 1886இல் மறுபடியும் நீக்கினார். அதன்பின் பவர்ஸ் எவரிடத்தும் அமர்ந்திலர். தம் பேனாவை வேண்டுவோர்க்கு வாடகைக்கு விட்டார். நாளொன்றுக்கு நூறு டாலருக்கு மேல் ஊதியம் பெற்றார் என்பர். அக்காலத்தில் அஃது ஒரு பெருந்தொகை.

பிட்ஸ்பர்க் நகரத்தில் துணிக்கடை ஒன்று கடனில் மூழ்கியபோது, அதன் உரிமையாளர் பவர்ஸை நாடினர். பவர்ஸ் அவர்களுக்காக எழுதியது யாது? நாங்கள் முறிந்துபோனோம், இதனைப் படித்தவுடன் கடன் கொடுத்தோர் எங்கள் கழுத்தைப் பிடிப்பர், நாளை நீங்கள் வந்து துணி வாங்கினால் அவர்க்கு விடை சொல்ல எங்களிடம் பணமிருக்கும், இன்றேல் கடையை மூடுவோம் என்னும் கருத்துப்பட எழுதினார். மக்கள் திரண்டு வந்தனர், கடை பிழைத்தது.

விளம்பரத்திற்குப் பவர்ஸ் கொண்டிருந்த விதிகள் சிலவே. முதலாவது, படிப்போர் மனத்தைக் கவர வேண்டும். இரண்டாவது, உண்மையே கூற வேண்டும். கடையின் உண்மை வெளியிற் சொல்லத்தக்கதாய் இல்லையெனில், விளம்பரத்தை மாற்றுதல் கூடாது. கடையைத் திருத்த வேண்டும். கூலிக்கு எழுதுவோன் கூலி கொடுப்போனைத் திருத்தப் புகுவது எத்துணைத் துணிவு! சம்பளத்திற்கு அமர்ந்தபோது அவரை இருமுறை நீங்கச் செய்த துணிவே, பின்னர் அவருக்கு விலையைத் தேடித் தந்தது.

கம்பளம் பெருக்கும் கருவி

ஆயினும், உண்மையில் பற்றுடைமை மட்டும் போதுமா? போதாது என்பதனைப் பவர்ஸின் வாழ்க்கையிலேயே காணலாம். மிச்சிகன் மாகாணத்து க்ராண்ட் ராபிட்ஸ் நகரில் பிஸ்ஸெல் என்னும் நிறுவனத்தார், தரையில் விரித்த கம்பளத்தைப் பெருக்கும் கருவியைச் செய்து விற்றுவந்தனர். அவர்கள் பவர்ஸைக்கொண்டு சிறு பிரசுரம் ஒன்று எழுதுவித்தனர். அந்நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அதனைப் படித்துப் பார்த்து, "இக்கருவியைப் பற்றியும் இதனை வாங்கும் மகளிரைப் பற்றியும் இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று தம் தலைவரிடம் கூறினார். தாமே வேறொன்று எழுதிக் கொடுத்தார். இளைஞர் எழுதியதையே நிறுவனத்தார் ஏற்றுக்கொண்டனர். அவ்விளைஞரே பின்னாளில் பெரும் புகழெய்திய க்ளாட் ஹாப்கின்ஸ்.

கணக்கெழுதும் இளைஞர்க்கு இத்துணைத் தெளிவு எங்ஙனம் வந்தது? 1866இல் பிறந்த ஹாப்கின்ஸ், சிறு வயதிலேயே தந்தையின் துணையை இழந்தவர். அவருடைய தாயார் வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பொருளொன்றைச் செய்து தர, சிறுவர் அதனை வீடுவீடாய்க் கொண்டுபோய் விற்றார். வாயிலில் நின்று பேசியபோது பத்து வீட்டில் ஒரு வீட்டாரே வாங்கினர். உள்ளே சென்று பாத்திரமொன்றைத் துலக்கிக் காட்டியபோது ஏறக்குறைய எல்லோரும் வாங்கினர். 1927இல் வெளியான தம் வரலாற்று நூலில் அவரே இதனைக் கூறியுள்ளார். குடும்பத்தார் அவரைச் சமயப் போதகராக்க விரும்பினர். அவரும் இளமையில் பிரசங்கம் செய்து பழகினார். பின்னர்க் கருத்து வேறுபாட்டால் அவ்வழியை விட்டு நீங்கினார். எளிய மக்களின் வீட்டையும் உள்ளத்தையும் அறிந்துகொள்வதில் அவருக்கிருந்த நாட்டம் மட்டும் என்றும் நீங்கவில்லை.

பெருக்கும் கருவியைக் கிறிஸ்துமஸ் பரிசாக விற்கலாம் என்று எண்ணி, அவர் ஐயாயிரம் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஆயிரம் பேர் சரக்குக் கேட்டனர். கருவியின் உறுப்புகளைப் பற்றி எழுதாது, அழகிய மரங்களால் அது செய்யப்படும் சிறப்பைப் பற்றி எழுதினார். மனைவிக்குப் பரிசளிக்க விரும்பும் கணவன் சக்கரத்தையும் அச்சாணியையுமா எண்ணிப் பார்ப்பான்?

பின்னொருகால் மதுபானம் காய்ச்சும் நிறுவனம் ஒன்றுக்கும் அவர் எழுதினார். அப்பொருளை நாம் பாராட்டோம். ஆயினும் அவர் கையாண்ட முறை அறியத்தக்கது. தொழிற்சாலை முழுதும் சுற்றி வந்து, புட்டிகளைக் கழுவும் முறையையும் நீரைத் தூய்மை செய்யும் முறையையும் கண்ணாற் கண்டு, அவற்றையே எழுதினார். இதனை எல்லோருந்தாமே செய்கின்றனர் என்றனர் முதலாளிகள். எல்லோரும் செய்கின்றனர், எவரும் சொல்லவில்லையே என்பது ஹாப்கின்ஸின் கருத்து.

இவ்வளவு கூர்மையுடையார் வழுவிய இடமும் உண்டு. சிகாகோ நகரில் 'லிக்வோசோன்' என்னும் மருந்தொன்றுக்கு அவர் விளம்பரம் எழுதியதோடு பங்காளியாகவும் இருந்தார். நோய்க் கிருமிகளைக் கொல்லுமென்றும், எண்ணற்ற நோய்களைத் தீர்க்குமென்றும் அது விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மையிலோ, அது பெரும்பாலும் சிறிதளவு அமிலம் கலந்த நீரேயாகும். 1905இல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்னும் எழுத்தாளர், போலி மருந்துகளின் புரட்டை வெளிப்படுத்தித் தொடர்ந்து எழுதினார். லிக்வோசோனும் அதில் அகப்பட்டது. மறு ஆண்டிலேயே அமெரிக்க அரசினர் உணவையும் மருந்தையும் பற்றிய சட்டம் இயற்றினர். மக்கள் மனத்தை அறியும் நாட்டம் ஒருவர்க்கு எவ்வளவு இருப்பினும், அது அவர்களுக்கு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். பாத்திரத்தைத் துலக்கிக் காட்டி விற்ற சிறுவர், துலக்கிக் காட்ட முடியாத பொருளை விற்கப் புகுந்தபோதே வழி தவறினார் என்று நாம் கருதுகிறோம்.

செவி கேளாதவர் கண்ட வழி

அதே பெருக்கும் கருவி மற்றொருவர் வாழ்க்கையையும் திருப்பிற்று. எர்னஸ்ட் எல்மோ கால்கின்ஸ் என்பவர் 1868இல் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவர். ஆறு வயதில் மணல்வாரிக் காய்ச்சல் கண்டு, அதனால் நாளடைவில் செவிப்புலன் இழந்தார். கேல்ஸ்பர்க் நகரத்து நாக்ஸ் கல்லூரியில் பயின்று 1891இல் பட்டம் பெற்றார். வகுப்பில் ஆசிரியர் கூறுவன அவர் காதில் விழா. தோழருடன் அளவளாவுதலும் அரிது. ஆதலின் நூல்களும், அச்செழுத்தின் அழகும், படங்களுமே அவருக்குத் தோழராயின.

செவி கேளாதவர்க்கு அலுவலகங்களில் இடம் கிடைப்பது எளிதன்று. அவர் தம் ஊர்க் கடைக்காரர்க்கு விளம்பரம் எழுதித் தந்தார். பிஸ்ஸெல் நிறுவனத்தார் நடத்திய விளம்பரப் போட்டியில் பரிசு பெற்றார். அதன் பயனாக, தனித்து விளம்பரம் எழுதித் தருவதில் பேர்பெற்றிருந்த சார்லஸ் ஆஸ்டின் பேட்ஸ் என்பவர் அவரை நியூயார்க் நகருக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ப்ராட் கலைக்கூடத்தில் மாலை வகுப்பிற் சேர்ந்து சித்திர அமைப்பைப் பயின்றார். 1902இல் ஹோல்டன் என்பவருடன் கூடித் தாமே ஒரு நிறுவனம் தொடங்கினார். விளம்பரத்தில் சொல்லும் படமும் ஒருங்கே இயைய வேண்டும் என்பதை நிலைநாட்டியோருள் அவர் முதன்மையானவர். பிறர் செவியாற் பெறுவதையெல்லாம் கண்ணாற் பெறப் பழகியவர்க்கு அவ்வுண்மை இயல்பாகவே புலனாயிற்று.

1924இல் தம் வரலாற்றைச் செவி கேளாதான் ஒருவனின் வரலாறாகவே எழுதி வெளியிட்டார். 1931இல் தொழிலினின்றும் ஓய்வு பெற்றார். அவருக்குக் கப்பல்களின் சிறு உருவங்களைச் செய்வதில் விருப்பமுண்டு. ஓய்வுக்கால விருப்பங்களைப் பேணி வளர்ப்பது பற்றி 1934இல் ஒரு நூலும், தம் ஊரும் கல்லூரியும் தோன்றிய வரலாற்றைக் கூறும் நூலொன்றை 1937இலும் இயற்றினார். கடைச் சரக்கைப் பற்றி எழுதிய கையே தன் கல்லூரியின் வரலாற்றையும் எழுதிற்று. சொல்லை விற்றதனால் அவர் சொல் தேய்ந்துவிடவில்லை.

நாட்டம் செய்யும் உதவி

இம்மூவர் வாழ்க்கையினின்றும் நாம் அறிவது யாது? விளம்பரம் எழுதுவோன் தன் சொந்த நாட்டங்களை ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காக மட்டும் எண்ணுதல் தவறு. அவையே அவன் தொழிலின் முதற்பொருள். தோட்டம் வளர்ப்பவனுக்கு உரத்தைப் பற்றி எழுதத் தெரியும். சமையலில் விருப்பமுடையாள், நெய்யைப் பற்றி எழுதுங்கால், பிறர்க்குத் தோன்றாத கேள்வியைக் கேட்பாள். இரயிற் பயணத்தை விரும்புவோன், பெட்டியைப் பற்றி எழுதினும் அதனைச் சுமந்து செல்வோன் தோளை மறவான். எவ்விதப் பற்றும் இல்லாதவனோ அடைமொழியைத்தான் நாடுவான். நாம் குடைக்கு மயிலை நாடியதுபோல.

மற்றொரு நன்மையும் உண்டு. ஒன்றை உண்மையாக விரும்பி அறிந்தவன், அதனைப் பற்றிப் பொய் கூற எளிதில் உடன்படான். தையற்கலை அறிந்தவளிடம் சாயம் போகும் துணியைச் சாயம் போகாதது என்று எழுதச் சொன்னால் அவள் பேனா தயங்கும். அத்தயக்கமே அவளுக்குக் காவல். 'விடுதலை வேல்' என்னும் பெயர்க்குப் பொருள் அப்பொழுதே விளங்கும். எவர்க்கும் எழுதலாம் என்பது விடுதலையில் ஒரு பாதி. எழுத மாட்டேன் என்று கூறக்கூடுமாதல் மற்றைப் பாதி.

இக்காலத்தில் செயற்கை அறிவுடைய பொறிகளும் கேட்ட நொடியில் விளம்பர வாசகங்களை எழுதித் தருகின்றன. கார்முகிலும் மயிலும் இனி விலையின்றியே கிடைக்கும். ஆதலின் இத்தொழில் அழிந்துபடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அடைமொழியை மட்டும் விற்போர் அஞ்சுதல் தக்கதே. ஆனால் குடையை விரித்துப் பார்த்து, மழையில் நனைந்து, கம்பியைத் தடவி அறிந்து வந்து எழுதுவோனை வியாபாரி தேடியே தீர்வான் என்பது நம் எண்ணம்.

முடிவுரை

நம்மை வினவிய அன்பர்க்கு இனி விடை கூறுவோம். சொல்லை விற்றல் இழிவன்று. பொய்யை விற்றலே இழிவு. ஆசிரியரும் வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் சொல்லுக்கே ஊதியம் பெறுகின்றனர். ஆதலின், அன்பரே, இத்தொழிலில் தாராளமாகப் புகுக. ஆனால் மூன்றினை மறவாதிருக்க. உம் வீட்டுக்கு வாங்கத் துணியாத பொருளைப் பிறர் வீட்டுக்கு வாங்கச் சொல்லி எழுதாதிரும். கூலி மிகும் காலத்திலும் உமக்குரிய நாட்டங்கள் இரண்டு மூன்றனை உணவூட்டி வளர்த்து வாரும். அவை மெலிந்தால் எழுத்தும் மெலியும். மூன்றாவதாக, சில மாதச் செலவுக்குரிய பணத்தை எப்பொழுதும் தனியே சேர்த்து வைத்திரும். இஃது அற்பமான அறிவுரைபோல் தோன்றும். எனினும், வெறுங்கையோடு இருப்பவன் 'மாட்டேன்' என்று சொல்வது எளிதன்று.

வீட்டிலுள்ளோர்க்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டும். அதன் பின்னும் அவர்கள் ஐயுறின், உம் முதல் விளம்பரத்தை அவர்களிடமே கொடுத்து, இதில் பொய் உளதோ என்று கேளும். இல்லையென்று அவர்கள் கூறின், அதுவே இத்தொழிலுக்கு நீர் பெறும் நற்சான்றாகும்.